தாயின் கையில் சேரும்வரை

என் புருஷன் லியாக்கோஸை ஜெனரல் ஆக்கியபோது அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. விரலில் ஒரு வெள்ளி மோதிரம் இருக்கிறது, அதில் கழுகு செதுக்கியிருக்கும். மசியில் தொட்டுக் காகிதத்தில் அழுத்துவார். ஏதென்ஸில் எழுத்தர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். அது ஒரு துருக்கி அதிகாரியின் செத்த விரலிலிருந்து கழற்றியது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மீசை அரும்பாத வயதில் வரி வாங்க வந்தவனைக் கல்லால் அடித்துவிட்டு ஓத்ரிஸ் மலை ஏறியவர் அவர். அப்படி மலை ஏறியவர்களை எங்கள் பக்கத்தில் திருடர்கள் என்றே சொல்வோம். அது வசவு இல்லை. திருடன் என்று கேள்விப்பட்டுத்தான் என் அப்பா பெண்ணே கொடுத்தார். அதே வாரம் அவரோடு மலை ஏறியவன் மித்ரோஸ். எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், சின்ன வயதில் என் பின்னலைப் பிடித்து இழுத்து என்னிடம் அடி வாங்கியவன். இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுட்டார்கள். அப்புறம் நாடு முழுக்கத் துருக்கியனை எதிர்த்துப் போர் வெடித்தது. திருடர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் விடுதலை வீரர்கள் ஆனார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

எங்கள் கல்யாணம் போரின் நடுவில் ஒரு குகைக் கோயிலில் நடந்தது. மணமக்கள் தலையில் வைக்க வெள்ளிக் கிரீடம் கிடைக்கவில்லை. மித்ரோஸ் காட்டு ஒலிவக் கிளையை வளைத்து இரண்டு கிரீடம் கட்டினான். அவன்தான் அவற்றை எங்கள் தலையில் மும்முறை மாற்றி மாற்றி வைத்தான். அப்படிக் கிரீடம் மாற்றியவனைக் கும்பாரோஸ் என்போம். அதற்குப் பிறகு அவன் ரத்த உறவுக்கும் மேல். அந்த வீட்டின் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பெயர் வைக்கும் உரிமை அவனுக்கு. என்ன பெயர் என்பதும் அவன் விருப்பம், அவன் வாயைத் திறக்கும்வரை பெற்றவர்களுக்கும் தெரியாது. அவனைத் தள்ளிவிட்டு வேறு ஆளை வைத்தால் பிள்ளை நிலைக்காது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று படித்தவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்து கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மூத்தது துருக்கியனுக்குத் தப்பி ஓடும்போது பிறந்து, பெயர் வைக்குமுன் போனது. அடுத்தது பிறந்தபோது மித்ரோஸ் தெற்கே சண்டையில் இருந்தான். காத்திருக்க முடியாது என்று வேறொரு தளபதியை வைத்து முக்கினோம். ஒரு மாதம் தாங்கவில்லை.

போர் முடிந்தது. நாடு கிடைத்தது. பவேரியாவிலிருந்து ஒரு ராஜாவைக் கொண்டுவந்தார்கள், அவரோடு ஒரு படையும் வந்தது. இனிமேல் வீரன் என்றால் இறுக்கமான கால்சட்டை போட வேண்டும், கொம்பு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வீடு எங்கே இருந்தது? பாதிப் பேரின் வீட்டைத் துருக்கியன் எரித்திருந்தான். மித்ரோஸ் அந்தக் கால்சட்டையைக் கையில் வாங்கி, இது கழுதைக்குப் போடுகிற பட்டையா என்று கேட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனான். என் புருஷன் அதே கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கர்னல் ஆனார். அப்புறம் ஜெனரல். அதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கால்சட்டையால்தான் வீட்டில் ரொட்டி வெந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அவர் உட்காருகிற அழகைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், அவருக்குக் கோபம் வரும்.

மித்ரோஸ் மலையில் பழைய தொழிலையே செய்தான். போருக்கு முன்னால் அதற்குப் பாட்டுக் கட்டினார்கள், இப்போது அதற்குத் தண்டனை. அரசாங்கக் கோவேறு கழுதைகளை மடக்கினபோது நடந்த சுடுதலில் காவலன் ஒருவன் செத்துப்போனான். அதோடு மித்ரோஸின் தலைக்கு விலை வைத்தார்கள். லாமியா நகரத்துச் சந்தைத் திடலில் பவேரியாக்காரர்கள் கொண்டுவந்த தலைவெட்டும் எந்திரம் நின்றுகொண்டிருந்தது. மற்றத் திருடர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள், இந்தப் பக்கம் கொள்ளையடித்துவிட்டு எல்லையைத் தாண்டித் துருக்கி நாட்டில் போய்த் தூங்குவார்கள். எல்லை எங்கள் ஊரிலிருந்து அரை நாள் ஏற்றம்தான். மித்ரோஸ் மட்டும் தாண்டமாட்டான். "துப்பாக்கியோட போனா போவேன், கை நீட்டிக்கிட்டுப் போகமாட்டேன்" என்று நெருப்பின் முன் சத்தியம் செய்திருந்தான். அதனால் இந்தப் பக்கத்துக் குகைகளிலேயே நரி மாதிரி அலைந்தான்.

அவனைப் பிடிக்க யாரை அனுப்பினார்கள்? என் புருஷனை. எல்லைப் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. முகாம் எங்கள் ஊரிலேயே. இரண்டு வருடம் அவர் மித்ரோஸைத் தேடினார். அவன் இல்லாத மலைகளாகப் பார்த்துத் தேடினார். அது கேப்டன் ஹோல்ட்ஸருக்குத் தெரியும். பவேரியாக்காரர், ஒல்லி, எங்கள் மொழியைப் புத்தகத்திலிருந்து படித்தவர், கொச்சையாக ஒரு வார்த்தை வராது. ஜெனரலுக்கு உதவி என்று அனுப்பியிருந்தார்கள். உதவி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா?

இந்த நிலையில்தான், இனி இல்லை என்று நான் முடிவு கட்டிய வயதில், எனக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது.

நாற்பது நாள் கழிந்து கோயிலுக்குப் போய் வந்ததும் பெயர் வைக்கும் பேச்சை ஆரம்பித்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"லாமியா வியாபாரி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். நம்ம புள்ளையை அவர் முக்கட்டுமேன்னு" என்றார்.

"யாரு, நம்மாளுங்க போர்ல எலியைச் சுட்டுத் தின்னப்ப கடல் தாண்டித் திரியெஸ்தில உக்காந்து உலர்ந்த திராட்சை வித்தாரே, அவரா? அவர் கைபட்டா புள்ளை திராட்சையாட்டம் சுருங்கிப்போயிடும்."

"அசீமோ, விளையாடாதே."

"நான் விளையாடல. இந்தப் புள்ளையை மித்ரோஸ்தான் முக்கணும். ரெண்டு போதும் எனக்கு. மூணாவதா ஒரு குழி தோண்டமாட்டேன்."

"அவன் தலைக்கு விலை வச்ச காகிதத்துல என் மோதிரம்டி பதிஞ்சிருக்கு."

"மோதிரம் உங்களுது. கும்பாரோஸ் நம்ம ரெண்டு பேருக்கும்."

கத்தியைக் கீழே வைத்தார். குழந்தை உள்ளே சிணுங்கியது. "அவனைக் கூப்பிட்டா வருவான். அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கேப்டன் ஹோல்ட்ஸரை வீட்டுக்கு அழைத்தார். நான் அவித்த பயறைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் என் புருஷன் சொன்னார்: "மித்ரோஸ் என் புள்ளைக்குப் பேர் வைக்க வருவான். கோயில்ல வேலை முடிஞ்சு, வழக்கப்படி அவனே புள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து தாய் கையில கொடுப்பான். கொடுக்கிற வரைக்கும் அவன் மேல ஒரு விரல் படக்கூடாது. கொடுத்த அப்புறம் அவன் உன் ஆளு."

கேப்டன் கரண்டியை வைத்தார். "தாயின் கையில் குழந்தை சேரும்வரை. அதன் பிறகு சட்டம் தன் கடமையைச் செய்யும். இது தங்கள் வாக்கா, ஜெனரல்?"

"என் வாக்கு."

பயற்றுச் சட்டியை அவர் மடியில் கவிழ்க்காமல் விட்டதற்கு அந்தக் கேப்டன் என்னை வணங்க வேண்டும். அவர் போனதும் என் புருஷனிடம் கத்தினேன். "விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை அறுக்கிறதா? இதை மித்ரோஸுக்கும் சொல்லியனுப்பினீங்களா?"

"ஒரு வார்த்தை மறைக்கல. ஆட்டுக்காரன்கிட்ட அப்படியே சொல்லி அனுப்பினேன். வந்தா இதுதான்னு."

"அப்ப வரமாட்டான்."

ஆட்டுக்காரன் மூன்றாம் நாள் பதிலோடு திரும்பி வந்தான். மித்ரோஸ் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "புள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வரேன்."

பிள்ளை நிலைக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் அவன் தலையை வாங்கப்போகிறது என்று அப்போது புரிந்தது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாமா என்று நினைத்தேன். அழைத்த கும்பாரோஸை வராதே என்று சொன்னால் அது தலைவெட்டும் எந்திரத்தைவிட மோசம். சொன்னாலும் அவன் கேட்டிருக்கமாட்டான். அந்த நாலு நாளும் நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒளிந்து வரவில்லை, ஊர்த் தெரு நடுவில் நடந்து வந்தான். தாடியைச் சீவியிருந்தான். மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை, நம் வீரர்கள் போரில் கட்டியது, வெளுத்துப் பளபளத்தது. மார்பில் வெள்ளிச் சங்கிலிகள். கக்கத்தில் ஒரு துணி மூட்டை, குழந்தையின் சட்டையும் மெழுகுவத்தியும் சிலுவையும். என் வாசலில் நின்றான்.

"இந்தச் சட்டை யார் வீட்டுக் கொள்ளை?" என்று கேட்டேன். வேறு எதைப் பேசினாலும் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"காசு கொடுத்துத் தைச்சது தங்கச்சி. வாழ்க்கைல மொத தடவை. தையல்காரனே பயந்துட்டான், என்னமோ சதி இருக்குன்னு."

லியாக்கோஸ் வந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். மித்ரோஸ் அவர் காலைப் பார்த்தான். "இன்னும் அந்தக் கழுதைப் பட்டையைத்தான் மாட்டிக்கிட்டிருக்கியாடா?" என்றான். என் புருஷன் சிரித்தார்.

பெற்றவள் கோயிலுக்குப் போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். பெயர் வாயிலிருந்து விழுந்ததும் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டமாக ஓடி வந்து தாயிடம் சொல்வார்கள், முதலில் சொல்பவருக்கு இனிப்பு. நான் மடியில் அத்திப்பழமும் வாதுமையும் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தேன். கேப்டனும் அவருடைய ஆட்களும் கோயில் வாசலில் நின்றார்கள். என் புருஷனின் ஆட்கள், எல்லோரும் இந்த மலைக்காரர்கள், என் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஸ்டெர்யோஸ்! ஸ்டெர்யோஸ்!" எங்கள் பக்கம், முன்னால் பிள்ளைகளை இழந்தவர்கள் வைக்கிற பெயர். இவனாவது நிலைத்திருக்கட்டும் என்று. எத்தனையோ வீராதி வீரன் பெயரெல்லாம் இருக்க, அந்தத் திருடன் என் மனசைத் தொட்டுப் பார்த்து ஒரு பெயரை எடுத்திருக்கிறான். பழங்களை மொத்தமாகப் பிள்ளைகளிடம் கொட்டிவிட்டேன். சின்னப் பெண் ஒருத்தி இன்னொன்றும் சொன்னாள்: மேற்கே திரும்பிச் சாத்தான் மேல் துப்பு என்று பாதிரியார் சொன்னபோது மித்ரோஸ் மாமா திரும்பிய பக்கம் கேப்டன் நின்றுகொண்டிருந்தாராம், மாமா நன்றாக மூன்று தடவை துப்பினாராம்.

பிறகு அவர்கள் வந்தார்கள். முன்னால் மித்ரோஸ், கையில் என் பிள்ளை, எண்ணெய் மினுமினுக்க, புதுச் சட்டையில். பக்கத்தில் மெழுகுவத்தியோடு பாதிரியார் ஃபோதிஸ். பின்னால் லியாக்கோஸ். அதற்குப் பின்னால் ஊர். ஓரத்தில் கேப்டன், அவர் ஆள் ஒருவன் கையில் விலங்கு. அதை மறைத்துப் பிடிக்கவாவது தோன்றியிருக்கலாம்.

மித்ரோஸ் என் முன்னால் வந்து நின்று குழந்தையை நீட்டினான். நான் மும்முறை குனிந்து, அவன் கையை முத்தமிட்டு, பிள்ளையை வாங்க வேண்டும். அதுதான் வழக்கம்.

என் கை எழும்பவில்லை.

முன்னாலேயே திட்டம் போட்டாள் என்று பின்னால் ஊர் முழுக்கச் சொன்னார்கள். பொய். கை எழும்பவில்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் என் புருஷன் கேப்டனிடம் சொன்ன வார்த்தை மண்டையில் தட்டியது. நான் வாங்கும்வரை யாரும் இவனைத் தொட முடியாது. நான் எப்போது வாங்குவது, எங்கே வாங்குவது என்று யாருமே சொல்லவில்லை.

"வாங்கு தங்கச்சி" என்றான் மித்ரோஸ் மெதுவாக.

"இங்க வேணாம். கொஞ்சம் நட. மேல வந்து வாங்கிக்கிறேன்."

"மேலன்னா?"

"எல்லைக்கு."

கேப்டன் முன்னால் வந்தார். "அம்மணி, இது ஏற்பாட்டில் இல்லை."

"ஏற்பாட்டுல என்ன இருக்கு? தாய் கையில சேர்ற வரைக்கும். தாய் நான்தானே? எனக்குக் கை ஒழியல, அப்புறம் வாங்கறேன்."

கேப்டன் என் புருஷனைப் பார்த்தார். என் புருஷன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் பார்த்தது ஆச்சரியம்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், வாய் திறக்கமாட்டார். "வாக்கு வாக்குதான். நடங்க" என்றார்.

கேப்டன் தன் ஆட்களைக் கொண்டு பிடித்திருக்கலாமே என்று கேட்பார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் அவர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் காயாத பிள்ளையை ஏந்தியவன் மேல் கை வைத்தால் வேலியோரம் நின்ற மலைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் முட்டாள் இல்லை. அவரும் எங்களோடு நடந்தார். பெண்பிள்ளை எவ்வளவு தூரம் தாங்குவாள் என்று நினைத்திருப்பார்.

அந்த ஏற்றத்தை நான் மறக்கமாட்டேன். மித்ரோஸ் முன்னால், நான் பக்கத்தில், மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு பாதிரியார், பின்னால் திருவிழாவுக்குப் போவது போல ஊரே. தேவதாரு மரங்கள் தொடங்கும் இடத்தில் ஸ்டெர்யோஸ் அழ ஆரம்பித்தான். பசி அழுகை. சட்டென்று எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய்க் கனத்தது, மேல்சட்டை நனைந்தது. கையை நீட்டினால் போதும். பிள்ளை அழுகையை நிறுத்திவிடுவான், மித்ரோஸின் தலை உருளும். என் கைகளை இடுப்புத் துணிக்குள் சொருகிக்கொண்டேன்.

"அம்மணி, தங்கள் குழந்தை பசியால் அழுகிறது" என்றார் கேப்டன். அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அந்த நிமிடம் அவரை நான் அதிகமாக வெறுத்தேன்.

"காது இருக்கு எனக்கு" என்றேன்.

மித்ரோஸ் நின்றுவிட்டான். "வாங்கிக்கடி. புள்ளை தொண்டை கட்டிடும். எனக்காக இவன் எதுக்கு அழணும்?"

"உனக்காக இல்ல. ரெண்டைப் புதைச்சவ நான். முக்கினவனைக் கொல்லக் கொடுத்துட்டு இவனை நான் எப்படி வளப்பேன்? நட."

கூட்டத்திலிருந்து கொல்லன் பெண்டாட்டி காருஃபோ வந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. "நான் தாய் இல்லியே, என் கையில சேரலாம்ல?" என்று கேப்டனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கல்லில் உட்கார்ந்து என் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மித்ரோஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான், ஆனால் ஒரு கையைப் பின்னால் விட்டுப் பிள்ளையின் காலை விடாமல் பிடித்திருந்தான். என் பால் என் சட்டையிலேயே வழிந்தது. பெண்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லியாக்கோஸ் தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டார். பொத்தானும் சரிகையும் வைத்த ஜெனரல் அங்கி. அது அவர் எனக்குக் கொடுத்த ஒரே நல்ல துணி.

உச்சிக்கு வந்தோம். எல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்த கற்குவியல்கள் இடைவிட்டு இடைவிட்டுப் போகும். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு காவல் குடிசை. அதன் முன் இரண்டு துருக்கிக் காவலர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை, மெழுகுவத்தி, பாதிரியார், ஜெனரல், ஊர் எல்லாம் சேர்ந்து ஏறி வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

கற்குவியலுக்கு இந்தப் பக்கம் மித்ரோஸ் நின்றான். கீழே சமவெளி, துருக்கியனுடைய பூமி. அவன் முகம் கறுத்தது.

"இங்கயே வாங்கிக்க."

"இது இன்னும் நம்ம மண்ணு. இங்க வாங்கினா நீ அந்த ஆளுக்குச் சொந்தம்."

"தெரியும். லாமியாவுல அந்த எந்திரம் சட்டுன்னு முடிச்சிடுமாம். வலிக்காதாம்."

"யாரு சொன்னா? அதுல போனவன் திரும்பி வந்து சொன்னானா?"

யாரோ சிரித்தார்கள். மித்ரோஸ் சிரிக்கவில்லை. "பத்து வருஷம் துருக்கியனை அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தோம். என் தம்பி செத்தான், உன் அண்ணன் செத்தான். தள்ளி முடிச்சாச்சு. இப்ப நான் போய் அவன் வாசல்ல ரொட்டிக்கு நிக்கணுமா? நீ சொல்லு லியாக்கோ. போகணுமா?"

நாற்பது சண்டை பார்த்த என் புருஷன் கற்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை. நான் எல்லையைத் தாண்டினேன். ஜெனரலின் பெண்டாட்டி, ஜெனரல் அங்கியோடு, துருக்கி மண்ணில் போய் நின்றேன். காவலர்களில் கிழவனாக இருந்தவன் துப்பாக்கியை எடுக்கப் போனான், என் நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டான். நான் திரும்பி, இடுப்பிலிருந்து கைகளை எடுத்து, முதல் தடவையாக நீட்டினேன்.

"இப்ப குடு, கும்பாரே. பால் கட்டி உயிர் போகுது. என் புள்ளையைக் குடு."

அவன் என்னைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். பிறகு நடந்து வந்தான். நாலடி தூரம்தான், ஆனால் சேற்றில் நடப்பவன் போல் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான், ஒரு வார்த்தை விடாமல்: "தண்ணியில முக்கி, எண்ணெய் பூசி, பேர் வச்ச புள்ளையை உன்கிட்டக் கொடுக்கறேன். தீர்ப்பு நாள்ல நீ திருப்பி என்கிட்டக் கொடுக்கணும்." நான் மும்முறை குனிந்தேன். கையை முத்தமிட்டேன். பிள்ளையை வாங்கினேன். வாங்கின இடத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

நம் பக்கத்திலிருந்து லியாக்கோஸின் குரல் கேட்டது. "கேப்டன், குழந்தை தாய் கையில சேர்ந்தாச்சு. என் வாக்கு முடிஞ்சுது. அவன் உன் ஆளு. போய்ப் பிடிச்சுக்க."

கேப்டன் கற்குவியலைப் பார்த்தார், காவலர்களைப் பார்த்தார். ராஜாவின் அதிகாரி ஆயுதத்தோடு அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் போர். "ஜெனரல், இதை நான் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

"எழுது. எனக்குத்தான் எழுதத் தெரியாது."

நான் பிள்ளையோடு எழுந்தேன். மித்ரோஸ் குடிசைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நம் மலைகளைப் பார்த்து நின்றான். "நீ என்னைக் கொன்னுட்ட அசீமோ" என்றான்.

"உசிரோட இருந்து திட்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கற்குவியலைத் தாண்டும்வரை அழவில்லை.

கோடைக்குள் லியாக்கோஸின் பொறுப்பைப் பிடுங்கினார்கள். ஜெனரல் என்ற பெயரையும் பாதிச் சம்பளத்தையும் விட்டுவைத்தார்கள். கால்சட்டையைக் கழற்றி எறிந்தார். வெள்ளைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடு வளர்க்கிறார், கணக்குத்தான் எப்போதும் பிசகும். ஸ்டெர்யோஸ் நிலைத்துவிட்டான். அப்பாவைவிட உயரம், என்னைவிட வாய்.

மித்ரோஸ் அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் மந்தைக் காவலுக்கு இருந்தான். கால்நடையோடு மலை மாறுகிறவர்கள் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவனிடமிருந்து எனக்கு வசவு கொண்டுவருவார்கள். புதுப்புது வசவு. துருக்கி ரொட்டி தின்ன வச்ச கழுதை, மொட்டைக் கோட்டான், கும்பாரோஸைக் கூண்டுல அடைச்ச சூனியக்காரி. அவர்களுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்து உட்காரவைத்து, இன்னொரு தடவை சொல்லு, எப்படிச் சொன்னான், கையை எப்படி ஆட்டினான் என்று கேட்பேன்.

இந்த ஈஸ்டருக்கும் வந்தார்கள். பாலாடைக்கட்டியைத் தின்றார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், என் முகத்தைப் பார்க்காமலே எழுந்தார்கள். நானும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் போனதும் லியாக்கோஸ் வாசலுக்கு வந்து, "என்ன சொல்லியனுப்பினான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.